அம்சத்தின் எலும்பில் ஏறிய வெயில்

மருத்துவ முகாமுக்குத் தலைமையேற்றிருக்கும் அய்யா சிங்காரவேலு அவர்களே! மருந்தோடு மனத்தையும் தருகின்ற டாக்டர் ரஹ்மத் பீவி அவர்களே! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாற்று நட்டு நாட்டை நிறுத்திய தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

காவிரி வராத ஆண்டு உண்டு. கதிரவன் வராத ஆண்டு உண்டா? "அதெப்படிண்ணே வராம இருக்கும்?" என்கிறார் முன்வரிசையில் இருக்கும் அந்தத் தம்பி. வந்தது தம்பி! ஆனால் ஒரு வீட்டு வாசலோடு நின்றுவிட்டது!

நம் தெரு அம்சம் அக்கா, கூலி உயர்வு கேட்டுச் சிறை கண்டவர். அரசு தரும் நிலம் கைக்கு வரும் வேளையில் படுத்துவிட்டார். குடலில் புண், குருதி, ஓயாத வயிற்றுப்போக்கு. ஒதுங்க மறைவில்லாத வயலுக்கு எப்படி வேலைக்குப் போவார்? கணவர் துரைக்கண்ணு பாசக்காரர். பத்தியமென்று மீனை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார், வெயில் ஆகாதென்று சன்னலையும் சாத்தினார்! எலும்பெல்லாம் வலி. உட்கார்ந்தால் அக்காவால் எழ முடியவில்லை.

அந்த நிலத்துக்கு வேறொருவரும் மனுப் போட்டிருந்தார். அறுவடை முடிந்து அளக்க வருவோம், உரியவர் நேரில் நின்று எல்லை காட்ட வேண்டும் என்றது தாசில்தார் ஆபீஸ். நிற்காவிட்டால் நிலம் போச்சு!

துரைக்கண்ணு அக்காவை நம் ரஹ்மத் பீவி அம்மாவிடம் அழைத்துப் போனார். இரத்தம் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: "சத்தை இழுக்குற குடலே புண்ணாக் கெடக்குங்க. நீங்க வெயிலையும் மறைச்சு, மீனையும் நிறுத்திட்டீங்க. வைட்டமின் டி அடியோட கொறஞ்சுபோச்சு. எலும்பு எத வச்சு நிக்கும்?"

ஆகா! எங்கோ எரிகிறது சூரியன். அது தொட்டால் நம் தோலில் ஒரு சத்துப் பிறக்கிறது. அந்தச் சத்து இருந்தால்தான் குடல் சுண்ணாம்புச் சத்தை நன்றாக ஏற்கிறது, எலும்பு இறுகுகிறது! வானத்துக்கும் வயிற்றுக்கும் இப்படியோர் உறவா? நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

குடலுக்கும் மருந்து, குறைந்த சத்துக்கும் மருந்து, டாக்டர் சொன்ன அளவில். நீங்களாக வாங்கி விழுங்கிவிடாதீர்கள், மிஞ்சினால் அதுவும் கேடு! துரைக்கண்ணு சன்னலைத் திறந்தார்.

அறுவடை முடிந்தது, அளக்கும் நாள் வந்தது. "நிலத்துக்காரர் யாரு? முன்னால வாங்க!" என்றார் சர்வேயர். துரைக்கண்ணு கை நீட்டினார். அக்கா அதைப் பிடிக்கவில்லை. வரப்பிலிருந்து தானே எழுந்தார். "நாந்தாங்க!" என்றார். எல்லைக்கல் வரை நடந்தார்.

வயிற்று நோயை வெட்கப்பட்டு மறைக்கும் தாய்மார்களே, இருட்டறையை விட்டு வாருங்கள்! அதோ அம்சம் அக்கா. நாற்காலி கொடுத்தும் உட்கார மாட்டேன் என்கிறார். அவர் நிற்கட்டும், நான் அமர்கிறேன். நன்றி, வணக்கம்!