பத்துக்கு ஒன்பது

மூன்றாம் வகுப்போடு நின்று, மூன்று லாரி வாங்கியவன் நான். அன்று தியாகதுருகம் பஸ்ஸில் அரைத்தூக்கம். பனியில் கரும்புப் பூக்கள் ஜன்னலோரம் மிதந்துபோயின. முன் சீட்டில் யாரோ ஒரு அக்காளும் தங்கையும்.

"ரெண்டு ஜாதகமும் ஆம்பளைங்களுதுன்னு ஜோசியர்கிட்ட நான் சொல்லல," என்றாள் அக்கா.

"சென்னையில உன் புள்ளகூட குடித்தனம் பண்றானே, அவனுதா? அடிப்பாவி! ஊரு காறித் துப்புமேக்கா!"

"பத்துக்கு ஒம்பது பொருத்தமாம்டி. பொங்கலுக்கு ரெண்டு பேரையும் வூட்டுக்கு வரச் சொல்லலாமான்னு பாக்கறேன்."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனிக்குள் மலை தெரிந்து மறைந்தது.

"எந்த ஒண்ணு இல்லியாம்?"

"புள்ள பாக்கியம்."

"எனக்குப் பத்தும் பொருந்திச்சி. அந்த ஆளு இப்ப எங்க கீறாருன்னே தெரியல," என்று தங்கை சிரித்தாள். "வரட்டும்க்கா. வடை நான் வந்து சுடறேன்."