ஜாடைமாடையாக ஒரு வாக்கியம்

'ஜாடைமாடை'ங்கிற வார்த்தைய வெச்சு வாக்கியம் எழுதச் சொன்னா, அமெரிக்காவுல, இந்தக் காப்பெல் ஊர்ல பொறந்த பசங்க என்னமா முழிக்கும்னு உங்களுக்குத் தெரியாது சுந்தரராமன் சார். நீங்க நம்ம தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர், ஆபீஸ் ரூம்லயே இருக்கறவர். ஒரு பையன் 'பஸ் ஜாடைமாடையாக வந்தது'ன்னு எழுதினான். இன்னொரு பொண்ணு ஜாடைமாடையா இட்லி சாப்பிட்டிருக்கா. எனக்குச் சிரிச்சு மாளல.

திட்டியா சொல்லிக் குடுக்க முடியும்? உதாரணம் காட்டினாத்தான் இதுங்களுக்கு ஏறும். அதனால போர்டுல எழுதிப் போட்டேன். 'அந்த அம்மா கார் ஓட்டும்போது ஏன் எப்போதும் மின்ட் வாசனை வருகிறது என்று பக்கத்து வீட்டு மாமி ஜாடைமாடையாகக் கேட்டாள்.' எழுவாய் இருக்கு, பயனிலை இருக்கு. யார் பேராவது இருக்கா? இல்ல.

யாமினி அம்மா கார்லயே பள்ளிக்கு வர்ற ஆர்யன் கையத் தூக்கி, "டீச்சர், இஸ் திஸ் அபௌட் யாமினிஸ் மாம்?"னு கேட்டான். "அப்படியெல்லாம் கேக்கக்கூடாது கண்ணா"ன்னு நான்தான் அவனை அடக்கினேன். யாமினி முன்வரிசையில உக்காந்து டெஸ்க்கையே பாத்துட்டிருந்தா. வீட்டுக்குப் போய் அதே மாதிரி இன்னொரு வாக்கியம் எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினேன். எந்தக் குழந்தை எந்த அம்மாகிட்ட என்ன சொல்லுச்சோ, அதுக்கு நானா பொறுப்பு? வாராவாரம் நாலு வீட்டுக் குழந்தைங்களைப் பள்ளிக்கு ஏத்திட்டு வர்ற யாமினி அம்மா கலாவதியோட கார்பூல்ல, அடுத்த சனிக்கிழமை யாமினியைத் தவிர ஒரு குழந்தையும் ஏறல.

கலாவதி போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் இப்ப பள்ளிக் கமிட்டி முழிச்சுக்கிச்சு. என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "கலாவதி குடிக்கறாங்கன்னு நீங்க சொன்னீங்களா?"ன்னு கேக்கறீங்க. இல்ல சார். எந்தக் கோயில்ல வேணா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றேன். சொல்லவே இல்ல.

கார்பூல்ல புள்ளைய அனுப்பிட்டிருந்த ஷ்யாமளாகிட்ட, "பாவம், புருஷன் ஹூஸ்டன்ல, வாரம் பூரா தனியா கிடக்கா, மனுஷிக்கு எதாவது ஒரு துணை வேணாமா"ன்னு சொன்னேன். இரக்கப்பட்டதுதானே அது? ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டு வர்ற பாட்லக் விருந்துல அவ கை நடுங்கினப்போ, கரண்டிய வாங்கி நானே சாம்பார் ஊத்திட்டு, பக்கத்துல இருந்தவங்களைப் பாத்து லேசா சிரிச்சேன். சிரிக்கறது தப்புன்னு நம்ம பள்ளி விதியில எங்கயும் இல்ல. மின்ட் எந்த வாடையை மறைக்கறதுக்குன்னு மிச்சத்தை அவங்கவங்களே பூர்த்தி பண்ணிக்கிட்டாங்க. எல்லாரும் மெத்தப் படிச்சவங்க. ஒருத்தராவது அவகிட்டயே போய்க் கேட்டாங்களா? இந்த ஊர்ல யாருக்கு சார் அந்தத் தைரியம் இருக்கு?

அவளுக்கு இருந்துது. அதான் வினையே.

போன வருஷம் பேச்சுப் போட்டி. என் பொண்ணு தீக்ஷா மேடையில பேசி முடிச்சா, எல்லாரும் கை தட்டினாங்க. கலாவதி கோபிச்செட்டிபாளையத்துக்காரி, மனசுல பட்டதை அப்படியே கொட்டிடுவா. நடுவர் சீட்டுல இருந்துகிட்டு, மைக்கையும் கையில வெச்சுகிட்டு, "ஏனுங்க்கா, இது நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்களே? புள்ளைக்குப் பாதி வார்த்தைக்கு அர்த்தமே தெரியலீங்க"ன்னா. ஹால் பூரா சிரிப்பு. எழுதிக் குடுத்தது நான்தான், ஒத்துக்கறேன். இங்க எந்த அம்மா எழுதிக் குடுக்கல? தீக்ஷா அன்னிக்கு பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திகிட்டவ, அதுக்கப்புறம் வீட்டுல ஒரு வார்த்தை தமிழ் பேசல. நான் தமிழ்ல கேப்பேன், அது இங்கிலீஷ்ல பதில் சொல்லும். என் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்னு கமிட்டியில யாராவது விசாரிச்சீங்களா? அன்னிக்கு நாக்கைப் பிடுங்கற மாதிரி ரெண்டு கேட்டிருக்கலாம். நான் நாகரிகமா வளர்ந்தவ சார். யாரையும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இப்ப பொங்கல் விழாவுக்கு வரேன். பார்க்கிங் லாட்ல காருக்குள்ள அவ ஸ்டியரிங் மேல சாஞ்சு கிடந்தா. உடம்பெல்லாம் வேர்வை, நாக்கு குழறுது. ஷ்யாமளா, ஜம்புநாதன், இன்னும் ரெண்டு பேரு பாத்தாங்க. "பட்டப்பகல்லயேவா"ன்னு ஜம்புநாதன் தலையில அடிச்சுகிட்டார். "911 கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வர வெக்கலாமா?"ன்னு ஷ்யாமளா கேட்டா. "கூடவே போலீஸும் வந்தா குழந்தையோட கதி என்னாகும்னு யோசிச்சுக்கோங்க"ன்னேன். யாரும் ஃபோனை எடுக்கல. எல்லாரும் உள்ள கும்மியாட்டம் பாக்கப் போயிட்டோம். யாமினியும் ஆடினா, நல்லா ஆடினா. விழா முடிஞ்சு அந்தக் குழந்தைதான் அம்மாவைத் தேடிப் போய்க் கார்க் கதவைத் திறந்துச்சு.

ரத்தத்துல சக்கரை அடியோட இறங்கிப் போச்சு, குடியும் இல்ல ஒண்ணும் இல்லன்னு ஐசியூ டாக்டர் சொன்னதும் ஊரே வாயைப் பொத்திக்கிச்சு. இப்ப எல்லாரும் என் பக்கம் விரலை நீட்டறீங்க. ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்கவே இல்லியே சார். குடிக்கறான்னு சொன்னியா, சொன்னியான்னு அதையே பிடிச்சுத் தொங்கறீங்க. அவளுக்குச் சக்கரை வியாதி இருக்கறது உனக்குத் தெரியுமான்னு ஒருத்தர் கேக்கல.

தெரியும்.

எங்க வீட்டுக் கொலுவுக்கு வந்தப்போ சமையலறையில அவளுக்கு இதே மாதிரி தள்ளாடுச்சு. நான்தான் ஆரஞ்சு ஜூஸ் குடுத்து உக்கார வெச்சேன். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சு எழுந்துட்டா. "சின்ன வயசுல இருந்தே இன்சுலின் போட்டுக்கறனுங்க்கா. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, கார்பூல்ல புள்ளைங்கள அனுப்பப் பயந்துக்குவாங்க"ன்னு என் கையைப் பிடிச்சுகிட்டா. கார்ல எப்பவும் மின்ட் மிட்டாய் வெச்சிருக்கறது, சக்கரை இறங்கினா வாயில போட்டுக்கறதுக்குன்னும் அன்னிக்குத்தான் சொன்னா. நான் வாக்கு குடுத்தேன். அந்த வாக்கை இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தியிருக்கேன். மின்ட் வாசனை வருதுன்னு சொன்னேனே தவிர, அது எதுக்குன்னு யாருகிட்டயும் மூச்சு விடல. வேற யாராவது இருந்தா மறுநாளே வாட்ஸப் குரூப்ல போட்டிருப்பாங்க.

அன்னிக்குக் கார் பக்கத்துலேர்ந்து எல்லாரும் நகர்ந்த பிறகு நான் கொஞ்சம் பின்தங்கினேன். கண்ணைத் திறந்தா. என்னை நல்லா அடையாளம் தெரிஞ்சுது அவளுக்கு. "அக்கா, சக்கரை குடுங்க"ன்னா. நாக்கு குழறினாலும் தெளிவாத்தான் இருந்துது. அப்பவும் பாருங்க, சுத்தி வளைக்கத் தெரியல, நேராவே கேக்கறா. உள்ள அண்டா நிறைய சக்கரைப் பொங்கல் இருந்துது. நான் கதவை மெதுவா சாத்திட்டு உள்ள போனேன். கலாவதி எங்கன்னு வாசல்ல ஷ்யாமளா கேட்டா. "அசந்து தூங்கறா, எழுப்பாதீங்க"ன்னேன்.

மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா காட்டுங்க சார்.