ஒரு சீவல்

லாடத்தைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை, டாக்டர். ஆணி முனைகளை நிமிர்த்தி, குறட்டால் நெம்பினால் வந்துவிடும். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. லாடத்துக்குப் பழகிய குளம்பு வெறும் தரையைத் தாங்க ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை மணலில் நடத்த வேண்டும், ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட வேண்டும், குளம்பின் அடிப்பக்கத்தைக் கத்தியால் தொடவே கூடாது. முப்பது வருடம் லாடம் அடித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெறும் குளம்புதான் குதிரைக்கு நல்லது என்று கழற்றச் சொன்னவள் என் மகள். சிட்டு அவள் குட்டியிலிருந்து வளர்த்த குதிரை. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது.

"சிட்டு சரளைக்கல்லுல நொண்டாம நடக்கட்டும்பா. அன்னைக்கே கிளம்பிடறேன்" என்றாள்.

வேலை கொடுத்தவர்களும் தங்கமானவர்கள், காத்திருப்பதாகச் சொன்னார்கள். மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இவளும் போனால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஐந்தாவது மாதமே சிட்டு சரளையில் நன்றாக நடந்தது. மகள் கடைக்குப் போயிருந்ததால் நான் மட்டும்தான் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அதன் காலை மடியில் ஏந்தி, அடிப்பக்கத்தில் ஒரு சீவல் எடுத்தேன். ரத்தமெல்லாம் வரவில்லை. மறுநாள் அவள் நடத்திப் பார்த்தபோது நொண்டியது.

"இன்னும் ஒரு மாசம் போகட்டும்மா" என்றேன்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு சீவல், ஒன்றரை வருடமாக. இன்று நீங்கள் கட்டைவிரலால் அழுத்தியதும் அட்டை மாதிரி அமுங்கியதே, அது இப்படி வந்ததுதான். அவளுக்குக் கிடைத்த அந்த வெளியூர் வேலையும் போன மாதம் வேறு யாருக்கோ போய்விட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான், வைக்கோலைக் கனமாகப் பரப்பிப் படுக்க வைத்தது நான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியவன் என்று ஊர் சொல்லும். ஆட்டியதை யார் பேசப் போகிறார்கள்? அந்த வாயில்லா ஜீவன் ஒருநாள்கூட என்னை உதைக்கவில்லை. கத்தியோடு போனாலும் தானாகவே காலைத் தூக்கிக் கொடுக்கும்.

சீழ் எலும்புவரை போய்விட்டது, இனி எழுந்திருக்காது, ஊசி போட்டுவிடலாம் என்கிறீர்கள். போடுங்கள். குளம்பில் கத்தித் தடம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டாள்.

மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை. லாயத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"நான்தானப்பா கழட்டச் சொன்னேன். நான்தான் அதைக் கொன்னுட்டேன்" என்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தெரியாமல் செய்த தப்புதானே, மனதில் வைத்துக்கொள்ளாதே என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். பெற்ற பெண்ணாயிற்றே டாக்டர், நான் அவளை மன்னித்துவிட்டேன்.