சைவம் என்ற சொல்லைக் காத்தவருக்கு

ஜொகூர் மாநிலம், கூலாய் நகரின் நிறைமதி மசாலா ஆலையின் பொது மேலாளராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி விஜிதா சரவணமுத்து அம்மையார் அவர்களுக்கு ஆலை ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

மிளகாய் நெடியிலும் முகம் சுளிக்காத மேலாளரே! மல்லியை மோந்தே அது அறுவடையான மாதத்தைச் சொல்லும் மதிநுட்பம் மிக்கவரே! சிவப்புப் பேனாவைச் செங்கோலாய்ப் பிடித்து முப்பத்தோராண்டு எங்களை ஆண்ட அம்மையீர்! வணக்கம்.

கடலே, மலையே, கற்பகத் தருவே என்று தொடங்கும்படிதான் விழாக் குழு சொன்னது. முதல் வரைவை அப்படித்தான் எழுதினோம். பிறகு உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளை உங்களிடம் நீட்டியிருந்தால், ஒவ்வோர் அடைமொழிக்குப் பக்கத்திலும் “ஆதாரம் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். ஆகவே கடலையும் மலையையும் அடித்துவிட்டோம். இம்மடலில் எஞ்சியிருப்பவை எல்லாம் நாங்கள் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை.

இருபத்தொன்பதாம் வயதில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இங்கே வந்தீர்கள். அப்போது ஆலையில் இருந்தவை இரண்டு அரவை இயந்திரங்களும் ஒரு பழைய லாரியும்தாம். வந்த முதல் மாதமே, கருவுற்ற பெண்கள் மிளகாய் அரவைப் பக்கம் நிற்கக்கூடாது என்று எழுதி ஒட்டினீர்கள். நேப்பாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பு அறிவிப்பை அவர்கள் மொழியிலும் எழுத வைத்தீர்கள். மிளகாய் வியாபாரி ஒருவர் தீபாவளிக்கு அனுப்பிய பெரிய பரிசுக்கூடையை அவர் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றினீர்கள். அதில் இருந்த முந்திரியை நினைத்துப் பொட்டலப் பிரிவு பிரேமலா இன்றும் பெருமூச்சு விடுகிறார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நீங்களே நம்ப மாட்டீர்கள். யாருடைய பிறந்தநாளும் உங்களுக்கு நினைவில் நின்றதில்லை. வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து வந்த உச்சப் பாராட்டு “பரவால்ல” என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் நேரம் உழைத்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி இம்மடலின் காரணத்துக்கு வருகிறோம்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொடியை அரைத்து முடித்து வேறொன்றை அரைக்கும் முன், இயந்திரத்தில் பச்சரிசியை ஓட்ட வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பழைய பொடியை அரிசி வழித்துக்கொண்டு வரும். அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். இதற்கென்றே வைத்திருக்கும் மூட்டைக்கு ‘மெஷின் அரிசி’ என்று பெயர். அரிசி ஓட்டியதும் அரவைப் பிரிவுப் பொறுப்பாளர் தாளில் கையெழுத்திடுவார். மேலாளர் கீழே இறங்கி வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் இரண்டாவது கையெழுத்து இடுவார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஆலை வாசலில் பெருமாள் படத்துக்குப் பூசை. எழுபது பேருக்குப் பொங்கல் வைக்க வாங்கிய அரிசி போதவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்க, அரவைப் பிரிவுப் பொறுப்பாளர் மெஷின் அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். “நல்ல பச்சரிசிதானே, பெருமாளுக்குத்தானே போகுது, யாரு கேக்கப் போறா” என்றார். பொங்கல் அருமையாக இருந்தது. நீங்களே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

அன்று காலை அரவை இயந்திரத்தில் அரைத்தது நெத்திலி மீன் போட்ட சம்பல் தூள். மதியம் அரைக்க வேண்டியது சாம்பார்ப் பொடி, ‘சைவம்’ என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட உறையில் போக வேண்டிய பொடி. லாரி காத்திருந்தது. அரிசி மூட்டை காலி. பொறுப்பாளர் இயந்திரத்தை ஒரு துணியால் துடைத்தார், “அரிசி ஓட்டியாயிற்று” என்று தாளில் எழுதினார், கையெழுத்திட்டார். நீங்கள் தொலைபேசியில் யாருடனோ பேசியபடியே, கீழே இறங்காமல், இரண்டாவது கையெழுத்தை இட்டீர்கள்.

இதுவரை ‘நாங்கள்’ என்று எழுதிவந்தேன். இந்த இடத்தில் ‘நான்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பாளர் நான்தான். அரவைப் பிரிவு அர்ச்சுனன்.

மறுநாள் ஞாயிறு. ஆலையிலிருந்து நான் எடுத்துப் போன பொட்டலத்தில்தான் வீட்டில் சாம்பார். நானும் புரட்டாசி விரதக்காரன். தட்டின் முன் உட்கார்ந்ததும் என் மனைவி மலர் கேட்டார்: “என்னங்க, சாம்பார்ல நெத்திலி வாசம் அடிக்குது?” அலமாக், ஐயையோ! சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு உங்கள் அறை வாசலில் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீங்கள் கத்தவில்லை. “எத்தன பாக்கெட்? எந்தெந்தக் கடைக்குப் போச்சு? மீன் ஒத்துக்காதவங்க யாராச்சும் சாப்பிட்டா என்ன ஆகும்?” என்று மூன்று கேள்விதான் கேட்டீர்கள். மூன்றாவது கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. விரதத்தைப் பற்றி மட்டுமே நான் பயந்துகொண்டிருந்தேன்.

உரிமையாளர் ஹேமநாதன் ஐயாவின் அறைக்கு உடனே போனீர்கள். கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றிருந்தேன். ஐயா இதோ முன்வரிசையில் இருக்கிறார். நான் எழுதுவதில் பிழை இருந்தால் திருத்தலாம். “ஒரு மூட்டைக்கு ஒரு சிட்டிகை கூட இருக்காது மேடம், யாருக்கும் தெரியாதுலா” என்றார் ஐயா. “பாக்கெட்ல சைவம்னு எழுதுனது நாம சார். அவங்க மோந்து பாத்து வாங்கல. நம்ம எழுத்த நம்பி வாங்குனாங்க” என்றீர்கள். ஐயா எல்லாப் பொட்டலங்களையும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சம்மதித்தார். அது அவருடைய பெருந்தன்மை, அதையும் இங்கே பதிவு செய்கிறோம். கடைகளில் ஒட்டும் அறிவிப்பில் ‘தரக் குறைபாடு’ என்று போட்டால் போதாதா என்று அவர் கேட்டதற்கு, “மீன் கலந்துருச்சுன்னே போடணும் சார். எதச் சாப்பிட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும்” என்றீர்கள்.

கடைசியாக ஐயா கேட்டார்: “யாரு செஞ்சது? பேர சொல்லுங்க.”

“மெஷினப் பாக்காம சைன் போட்டது நான். அறிவிப்புல என் பேர போடுங்க. இன்னொருத்தர் தானா வந்து சொன்னாரு. அவர வெளிய அனுப்பிட்டா, அடுத்த தடவ தப்பு நடந்தா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.”

ஐயா கையெழுத்துத் தாளைக் கேட்டுப் பார்க்கவில்லை; அறிவிப்பு உங்கள் பெயரில் போனது. ஓட்டுநர் செல்வாவோடு வேனில் ஏறி, கூலாய், பாலோ, பெக்கோக் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கடையாக நீங்களே ஏறி இறங்கினீர்கள். பாலோவில் மனோகரன் கடை வாசலில் கருப்பாயி என்ற அம்மா உங்களைப் பிடித்துக்கொண்டார். “எம் புருசனுக்கு ஆப்ரேஷன்னு இந்த வருசம் வேண்டிக்கிட்டு விரதம் இருக்கேன். கெடுத்துட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று தெருவே கூடும்படி ஏசினார். செல்வா குறுக்கிட்டு, “ரொம்பக் கொஞ்சம்தான்மா” என்று தொடங்கியதும், “பேசாதீங்க செல்வா, அவங்க சொல்றது சரி” என்று அடக்கிவிட்டீர்கள். அந்த அம்மா ஓயும்வரை வெயிலில் நின்று கேட்டீர்கள்.

அந்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய இயக்குநர் பதவி வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. “விஜிதா மேடம் செஞ்ச தப்பு” என்று உணவுக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் தேநீர் குடித்தேன். ஒரு முறை அல்ல, பல முறை. எனக்குக் குடும்பம் இருந்தது, வீட்டுக் கடன் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம் இருந்தது. நீங்கள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னீர்கள்: “எப்ப சொல்லணும்னு உங்களுக்கே தெரியும் அர்ச்சுனன்.” தெரிய எனக்கு ஒன்பது ஆண்டு ஆகியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, மேடம்.

அன்றுமுதல் மூட்டு வலியோடும் படியிறங்கி வந்து, இயந்திரத்துக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை. ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் உங்கள் காரிலிருந்து ஓர் அரிசி மூட்டையை இறக்கி, எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிடுவீர்கள். “அர்ச்சுனன், இது சாமி அரிசி. உங்க அரிசி உங்ககிட்டயே இருக்கட்டும்.” காரணம் தெரியாமல் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஹேமநாதன் ஐயா அவர்களே! அன்று நீங்கள் கேட்ட பெயர் அர்ச்சுனன். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் தவறு அம்மையாரின் பெயரோடு இந்த ஆலை வாசலைத் தாண்டிப் போகக்கூடாது.

அம்மையீர்! மூட்டு வலி குறைந்து, மூச்சில் மிளகாய் ஏறாத காலைகள் வாய்த்து, பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை மட்டும் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டு, நூறாண்டு நலமாக வாழுங்கள். வருகிற புரட்டாசிக்கு நீங்கள் அரிசி கொண்டுவர வேண்டாம். சாமி அரிசியை நான் என் கையால் வாங்கி வருவேன். நீங்கள் வந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் போதும்.

இந்த மடலை நேற்று உணவுக்கூடத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் பிரேமலா எழுந்து வந்து, தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து மறுபடி ஒரு முறை தானே படித்துப் பார்த்துவிட்டுப் பேனா கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

முதல் கையெழுத்து: அர்ச்சுனன், அரவைப் பிரிவு.

பார்த்த பிறகே இரண்டாவது கையெழுத்து இட்டவர்கள்: நிறைமதி மசாலா ஆலை ஊழியர்கள் அறுபத்தெட்டுப் பேர், கூலாய், ஜொகூர்.