மஞ்சளாகத் தெரிந்த திருநீறு

அவையைத் தாங்கும் தலைவரும் எனக்குச் சோறிடும் முதலாளியுமான சண்முகவேல் அவர்களே, நெருப்பெரிச்சல் ஊர்ப் பள்ளியை நெஞ்சில் சுமக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை அமரவைத்துவிட்டுத் தாம் நிற்கும் தாய்மார்களே, மூன்றாம் வரிசையில் என்னைப் பாராது முகம் திருப்பியிருக்கும் கன்னையன் அவர்களே, யாவரையும் முருகன் திருப்பெயரால் வணங்குகிறேன்.

இப்பள்ளியில் பயின்ற மதுமதிக்குப் பாராட்டு விழா இது. அழைக்கப் போனபோது, "ரேடியோவுல வேலையாமே கண்ணு, உன்ற நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டவன் அடியேன். சிரியுங்கள், அவரும் சிரித்தார்.

"ஸ்டேஷன் இல்லீங்க சாமி. வானத்துல ரேடியோ அலை வீசற பொருளுங்க இருக்குது. அதையே திரும்பத் திரும்பப் பார்த்து, எது மங்குது, எது கூடுதுன்னு கணக்கெடுக்கறோம்."

"அட, நான் பார்க்கறதும் அதே வேலைதான்" என்றேன். முப்பதாண்டாகப் பனியன் கம்பெனியில் துணியின் ஷேடு, அதாவது நிறச்சாயல், பார்ப்பவன் அல்லவா? மாதிரித் துணியோடு ஒப்பிட வேண்டும் என்பது முறை. என் கண்ணே மாதிரி என்பது என் மமதை.

மதுமதி மேலும் சொன்னார்: "ஒண்ணு மங்குனா பக்கத்துல இருக்கறதையும் பார்ப்போமுங்க. எல்லாமே சேர்ந்து மங்கியிருந்தா, மாறுனது வானமில்லீங்க, எங்க கருவி."

பெரியோர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கம்பெனியில் கன்னையன் வெளுத்துக் கொடுத்த நான்கு லாட் துணியையும் மஞ்சள் என்று தள்ளியவன் நான். என் சொல்லை நம்பி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆனால் அதே மாதம் மல்லிகை மஞ்சள் என்று பூக்காரியை வைதேன். வேட்டி மஞ்சள் என்று சோப்பை வைதேன். திருநீற்றில் சந்தனம் கலந்தீரோ என்று குருக்களையே வைதேனே! பூவும் மஞ்சள், வேட்டியும் மஞ்சள், பூசும் நீறும் மஞ்சள் என்றால், மாறியது எது?

இரு கண்ணிலும் புரை என்றார் மருத்துவர். அறுவை முடிந்து குடோனுக்குப் போனேன். நான்கு லாட்டும் நீறாய் வெளுத்துக் கிடந்தன.

பின்னால் யாரோ, "சத்தமாச் சொல்லுங்க" என்கிறீர்கள். சொல்கிறேன். பதிகம் பாடிய வாய் பழி சொன்னது. தவறு என்னுடையது. வானத்தை ஐயுறுமுன் தம் கருவியை ஐயுறும் மதுமதி எங்கே? வெள்ளையை ஐயுற்று விழியை ஐயுறாத நான் எங்கே?

முதலாளி அவர்களே, நாளை காலை கன்னையன் பிளீச்சிங் வேலைக்குத் திரும்பலாமா? சரியென்று தலையசைக்கிறார். கன்னையன் அவர்களே, வருவீர்களா? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

"வர்றனுங்க. ஆனா நீங்க மாதிரித் துணி வெச்சுத்தான் பார்க்கோணும்."

வைத்தே பார்க்கிறேன். எனக்கென விழாக்குழு வாங்கிய இச்சால்வையை அவருக்குப் போர்த்துகிறேன். வெள்ளை என்றே நினைக்கிறேன். மதுமதி, நீயும் ஒருமுறை பார்த்துச் சொல்லு கண்ணு.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி கூறி, கன்னையனை முதலில் வணங்கி, அமர்கிறேன்.