எல்லாரும் ஏறியாச்சா?

சாயங்காலம் ஆறரை மணி. ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. மழை விட்டும் விடாமலும்... பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். என் சிநேகிதியின் அண்ணி. அட, ஏன் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அண்ணிக்கு வேலை, மறதி நோய் வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில். அங்கே ஒருவர், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர். எல்லாருக்கும் அவர் கண்டக்டர் தாத்தா. பகலில் பரம சாது. இருட்டத் தொடங்கினால் போதும்... கையைப் பிடித்து முறுக்குவார், கதவை உதைப்பார். "ஒரு ஆளு விட்டுப்போச்சு!" என்று ஒரே கத்தல்.

மருந்தைக் கூட்டினால் மனுஷன் சுருண்டுவிடுவார் என்றார் டாக்டர். அதனால் டாக்டர், தலைமை நர்ஸ், அண்ணி, சமையலக்கா, தாத்தாவின் மகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மகள்தான் சொன்னாள்: "கடைசி ட்ரிப்ல எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பார்க்காம அப்பா விசில் அடிக்கவே மாட்டாரு." ஒற்றை விசில் என்றால் நிறுத்து. ரெட்டை விசில் என்றால் கிளம்பு.

அன்றிலிருந்து இருட்டும் நேரத்தில் யார் வேலையில் இருந்தாலும் தாத்தாவைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போக வேண்டும். அவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். "எல்லாரும் ஏறியாச்சு, தாத்தா" என்றதும் ரெட்டை விசில் அடித்துவிட்டுப் படுத்துவிடுவார். அப்புறம் சத்தமே இருக்காது. யாரும் இதை ஒருநாள்கூடத் தவறவிடக் கூடாது என்பதுதான் பேச்சு.

ஒருநாள் அண்ணிக்கு பஸ் போய்விடுமே என்ற அவசரம். சுற்றிக் காட்டவில்லை. அறை வாசலில் நின்றபடியே, "எல்லாரும் ஏறியாச்சு" என்றாள்.

தாத்தா அவளையே பார்த்தார். "நீ ஏறலியேம்மா?"

"நான் அடுத்த பஸ்ல வர்றேன்."

மறுநாள் காலை தாத்தாவை அந்த ஸ்டாப்பில்தான் கண்டுபிடித்தார்கள். மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே உயிர் போய் விறைத்திருந்தார். வாயில் விசில். அவளைத் தேடித்தான் போயிருக்கிறார்.

"நான் சுத்திக் காட்டிட்டுத்தான் வந்தேன்" என்று அண்ணி கூசாமல் சொன்னாள். சமையலறைப் பின்கதவு திறந்திருந்ததால் பழி சமையலக்கா தலையில் விழுந்தது. வேலை போனது. அழுதுகொண்டே போனவளை அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே நாள் போனது.

இப்போது அந்த ஸ்டாப்புக்கு வாருங்கள். பஸ் வந்தது. கண்டக்டர் இல்லாத பஸ், டிரைவரே டிக்கெட் கொடுப்பார். அண்ணி ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை...

பிர்ர்ர்.

டிரைவர் பிரேக் போட்டார். "யாரும்மா விசில் அடிச்சது?"

அவளைத் தவிர பஸ்ஸில் யாரும் இல்லை. நனைந்த கம்பளி வாடை... தாத்தாவின் ஸ்வெட்டர் வாடை. பஸ் மறுபடி கிளம்பியது. மறுபடி ஒற்றை விசில்.

பஸ்ஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று இறங்கி, ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் என் சிநேகிதி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி இவ்ளோ நேரம்? உங்களைத் தேடி ஒரு பெரியவர் வந்திருக்காரு. தொப்பலா நனைஞ்சிருக்காரு, பாவம். குழந்தைங்க தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாரு. என்னையும்தான். இன்னும் ஒரு ஆளு பாக்கியாம். உள்ளதான் உட்கார்ந்திருக்காரு."

அண்ணி உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள். "சொல்லும்மா" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது. அழுதுகொண்டே போன சமையலக்காவின் முகம் வந்தது. கூடவே தன் வேலையும் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணுமில்லக்கா... நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

பிர்ர்ர்... பிர்ர்ர்.

ரெட்டை விசில். நாற்காலியில் யாரும் இல்லை. உட்கார்ந்த இடம் மட்டும் ஈரம். அண்ணியின் சின்ன மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாளாம்.

"அம்மா... மரமெல்லாம் பின்னாடி போகுது."