நூல் அறுந்தது

– நாளைக்கு அம்புட்டு டேப்லெட்டையும் மெஷின்ல இருந்து கழட்டிருவேன் செல்வி. வெறுத்துப்போச்சு.

– கழட்டுங்க மேனேஜர் சார். அதோட உங்க நாற்காலியையும் கழட்டுவாக.

– முதலாளியும் அதைத்தான் சொல்லிட்டாரு. "எட்வினு, இதை ஓட்டிக் காட்டலைன்னா நீ பழையபடி ஃபிட்டர்"னு. நான் என்ன செய்ய? மெஷின் நின்னா, எதனால நின்னுச்சுன்னு டேப்லெட்ல ஒரு பொத்தானை அமுக்கணும். ஆறு பொத்தான் இருக்கு. மூணு மாசமா வைண்டிங் ஷெட்ல அத்தனை பேரும் 'நூல் அறுந்தது'ங்கிறதை மட்டும்தான் அமுக்குதீங்க!

– நூலை யாரும் திட்ட முடியாதுல்லா.

– இங்க யாரு திட்டுனா?

– முத வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாரீஸ்வரி உண்மையா 'ஆள் தவறு'ன்னு அமுக்குனா. ஷிப்ட் முடியுற வரைக்கும் அவ பேரைச் சொல்லிக் கத்துனது யாரு? பஸ் ஏறுறப்பவும் அழுதுக்கிட்டேதான் போனா.

– தப்பைத் தப்புன்னு சொல்லாம? சங்கரலிங்கம் சார் மேனேஜரா இருந்தப்போ ஸ்ப்ளைசர் வந்துச்சே, ஒரே மாசத்துல பழகலையா நாம?

– பழகுனோம். அதுவரைக்கும் அறுந்த நூலைக் கையாலதான முடிச்சுப் போட்டுக்கிட்டுக் கெடந்தோம். துணியில குண்டு குண்டாத் தெரியும்.

– ஸ்ப்ளைசர்ல முடிச்சே கிடையாது செல்வி! அறுந்த ரெண்டு முனையையும் உள்ள வச்சா, காத்து வேகமா அடிச்சு இழையைப் பிரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா முறுக்கி விட்டுரும். தடவிப் பார்த்தாலும் தெரியாது. காத்து கொறைஞ்சா மட்டும் இழுத்ததும் பிரிஞ்சுரும்.

– முத நாளே பிரிஞ்சுச்சே. நாப்பது கோன் நூல் வீணாப்போச்சு.

– மறக்குமா? மறுநாள் காலையில வந்தா போர்டுல சாக்பீஸால எழுதியிருக்காரு: "காற்றைக் குறைத்து வைத்தவன் நான். சங்கரலிங்கம்." என்ன சிரிப்புச் சிரிச்சோம்! பொறவு அவனவன் தப்பைத் தானா வந்து எழுதுனான். பேச்சு சுவாரசியத்துல பாபினை மாத்திப் போட்டேன்னு நீகூட எழுதுன.

– எழுதப்போய்த்தான எங்க தப்பு வருதுன்னு தெரிஞ்சு, ஒவ்வொண்ணா அவரால சரி பண்ண முடிஞ்சுது.

– நல்ல காலம்ட்டி அது. ஆனா அம்புட்டுப் பெரிய மனுசன் ஒரு வால்வை ஒழுங்காத் திருப்பத் தெரியாம...

– அவரு அந்த வால்வைத் தொடவே இல்ல எட்வினு. டீக்கு ஓடுற அவசரத்துல திருப்பி விட்டுட்டுப் போனது நீ. சாயங்காலம் யாருன்னு கேட்டாரு, உன்னையச் சொன்னேன். "அவன் பேரை எழுதுனா நாளைக்கு எவனும் மெஷினைத் தொட மாட்டான்"னு சொல்லிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தாரு.